ஏப்பம் வந்தால் சோக்கை எடு

சோக்கு தன் மரம் அறுக்கும் மிஷினைக் கிளப்பி முடிப்பதற்குள் இன்னொரு மரத்தை நட்டு, வளர்த்து, அதன் நிழலில் உட்கார்ந்துவிடலாம் என்று மரக்காணத்தில் சொல்வார்கள். இது அபாண்டம். முருங்கையாக இருந்தால் மட்டுமே அது நடக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கும் மனைவி மல்லிகாவுக்கும் மட்டுமே தெரியும். மல்லிகா அதைச் சொல்லமாட்டார். எங்களுக்கு அவர் சோக்கு. குளிர்ந்து கிடக்கும் இன்ஜினைக் கிளப்பும்போது காற்றை அடைத்துவிட்டுப் பெட்ரோலை அதிகமாகக் குடிக்க வைக்கும் குமிழுக்கு சோக் என்று பெயர் அல்லவா, உலகத்தின் எல்லா நோய்க்கும் அவரிடம் அதுதான் மருந்து. வங்கி வேலையில் மாற்றலாகி வந்து அவருக்கு அடுத்த வீட்டில் நான் குடியேறிய அன்று, என் மகன் சரியாகப் படிப்பதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "சோக்கப் போடுங்க சார். உள்ள காத்து ஓவரா போவுது" என்றார். என் வழுக்கையைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அவர் மிஷின் வாங்கிய கதை சுகமானதல்ல. முன்பு ஒரு புயலில் அவருடைய அப்பா இறந்துபோனார். புயலால் அல்ல, வயதால். ஆனால் புயலன்று. சுடுகாட்டுக்குப் போகும் வழி முழுக்க சவுக்கு சாய்ந்து கிடந்தது. கோடாலியோடு போனவர்கள் வெட்டி வழி செய்வதற்குள், பெரியவர் வீட்டில் வைத்திருக்கக்கூடிய நிலையைத் தாண்டிவிட்டார். காரியம் முடிந்த கையோடு சோக்கு பாண்டிக்குப் போய் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிஷினோடு திரும்பினார்.

"இனிமே இந்த ஊர்ல எவன் செத்தாலும் ரோடு கிளியரா இருக்கும்" என்று தெருவுக்கு வாக்குக் கொடுத்தார். தெரு அவர் எதிர்பார்த்த உற்சாகத்தோடு இதை வரவேற்கவில்லை. அன்றிலிருந்து அவர் மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் எதிரே வருபவர்கள் நலம் விசாரிப்பதில்லை. "யாரு?" என்றுதான் கேட்பார்கள்.

உப்பளக் காற்றில் இரும்பு தங்காது. என் ஸ்கூட்டர் ஒரே மழைக்காலத்தில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசியில் புதைத்தால் ஈரம் போய்விடும் என்று எங்கேயோ கேட்ட சோக்கு, மிஷினை அரிசி டிரம்மில் புதைத்து வைத்தார். மிஷினுக்குத் துரு பிடிக்கவில்லை. அரிசிக்குப் பெட்ரோல் பிடித்தது. அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள் கை கழுவிய பிறகும் பீடி பற்றவைக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து என் சோத்த ஒரு வார்த்த பாராட்டினதில்ல சார்" என்றார் மல்லிகா. "இப்பதான் வாசனையா இருக்குதுன்றாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை மிஷின் டிரம்மிலிருந்து எழுந்தருளும். சோக்கைப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டி இழுப்பார். சில இழுப்புக்குப் பிறகு மிஷின் 'ப்புக்' என்று ஓர் ஏப்பம் விடும். ஏப்பம் வந்ததும் சோக்கை எடுத்துவிட்டு மறுபடி இழுத்தால் கிளம்பிவிடும். எடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் உள்ளே குளம் கட்டி மிஷின் மூழ்கிவிடும். இதை எனக்கு விளக்கியவரே அவர்தான். விளக்கிவிட்டு வாரம் தவறாமல் மூழ்கடித்தார். பிறகு பிளக்கைக் கழற்றி, லுங்கியில் துடைத்து, வாயால் ஊதி, மாட்டி, மறுபடி மூழ்கடிப்பார். "அதுக்கு இன்னைக்கு மூடு சரியில்ல" என்பார்.

கிளம்பிவிட்டால் டியூனிங். கார்புரேட்டரில் இருந்த இரண்டு திருகுகளுக்கு 'வயிறு', 'கோவம்' என்று பெயர் வைத்திருந்தார். சும்மா நிற்கும் மிஷினுக்கு வயிறு. முழு வேகத்துக்குக் கோவம்.

"கோவத்த ரொம்ப முறுக்கினா சவுண்டு கீச்சுன்னு சூப்பரா வரும் சார். அது சாவு சவுண்டு. எண்ண பத்தாம பிஸ்டன் எரியுதுன்னு அர்த்தம். சளி புடிச்சவன் மாதிரி கொரகொரன்னு இருக்கணும். அப்பதான் ஆயுசு" என்று பாடம் நடத்துவார். நடத்திக்கொண்டே, காதில் செருகிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கீச்சென்று கேட்கும்வரை முறுக்குவார். ஏனென்றால் சோக்குக்குக் காது மந்தம். இது அவரைத் தவிரத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மிஷினே தின்ற காது அது. "இப்பல்லாம் ஜனங்களுக்கு தெம்பே இல்ல சார். எல்லாம் முணுமுணுன்னு பேசுறானுங்க" என்று என்னிடம் வருத்தப்படுவார். நான் உரக்க ஆமோதிப்பேன். கொஞ்சம் தெம்பாகப் பேசுங்கள் என்பார். ஒரு பிஸ்டன் ஏற்கெனவே எரிந்து, பாண்டியில் மாற்றி வந்திருந்தது.

அவருடைய மறுபக்கத்து வீட்டுக்காரர் ஏழுமலை. உப்பு லாரிக்கு லோடு பிடித்துக் கொடுப்பவர். மகள் பிரசவத்துக்கென்று சென்னைக்குப் போன அவர் மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. துணைக்கு வாசலில் ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. அது சோக்கு வீட்டுக் கூரைப் பக்கம் சாய்ந்திருந்தது. எனவே சோக்கு ஞாயிறுதோறும் அந்த மரத்தைப் பார்த்து நின்றுதான் மிஷினை உறுமவிடுவார்.

"என் மரத்து மேல கைய வெச்ச, கை இருக்காது" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழுமலை கத்துவார்.

"இன்னா சொல்றான் சார்?" என்பார் சோக்கு.

"மரம் நல்லாருக்குதாம்" என்பேன். இரு நாடுகளுக்கு நடுவே தூதராக இருக்க வேண்டியவன், லோன் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்தேன்.

ஒருமுறை ஏழுமலை சத்தம் பொறுக்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விட்டார். என்ன சத்தம் என்று அவர்கள் கேட்டதும் வாயாலேயே செய்து காட்டினார். குளிர்ந்த மிஷின், ஏப்பம், மூழ்கிய மிஷின், சும்மா நிற்பது, முழு வேகம். கோவத்தை அரைத் திருகு அதிகமாக முறுக்கினால் எப்படி மாறும் என்பதையும் தனியாகக் காட்டினார். உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்து கேட்டார்கள். மறுபடி ஒருமுறை செய்யச் சொன்னார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பிறகு இன்னொரு புயல் வந்தது. விடியும்போது காற்று ஓய்ந்து மழை மட்டும் விடாமல் பெய்தது. வாழ்நாள் முழுக்கப் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்த வேப்பமரம், விழும்போது சொந்தக்காரர்மேல் விழுந்திருந்தது. கூரையும் பாதிச் சுவரும் உட்கார்ந்துவிட்டன. இடிபாட்டுக்குள் ஏழுமலையின் தொடைமேல் அடிமரம் கிடந்தது. கழுவெளி ஏரித் தண்ணீர் தெருவுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் போனபோது, மீதிச் சுவரில் முதுகு சாய்ந்து கிடந்தவரின் விலாவைத் தொட்டிருந்தது.

போன் வேலை செய்யவில்லை. தீயணைப்பு வண்டி வருவதென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாய்ந்த சவுக்கையெல்லாம் தாண்டி வரவேண்டும். கோடாலியால் வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் தொடையில் இறங்கும். நான் குனிந்து, "பயப்படாதீங்கண்ணே, சோக்கண்ணன் மிஷினோட வர்றாரு" என்றேன்.

"அதான்யா பயமா இருக்குது" என்றார் ஏழுமலை.

சோக்கு வந்தார். தலைமுடியிலெல்லாம் அரிசி. சோக்கைப் போட்டார், இழுத்தார், இழுத்தார், மூழ்கடித்தார். பிளக்கைக் கழற்றினார். துடைக்க லுங்கியில் உலர்ந்த இடம் இல்லை. மல்லிகா தன் புடவைத் தலைப்பைப் பார்த்தார், அதுவும் ஈரம். வீட்டுக்குள் ஓடி ஒரு பிடி அரிசியை அள்ளி வந்தார். அரிசிக்குள் பிளக்கை உருட்டித் துடைத்தார்கள். தண்ணீர் ஏழுமலையின் மார்புக்கு வந்தது.

மறுபடி இழுப்பு. மழையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மரத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஏப்பம் வந்துடுச்சு! சோக்க எடுக்கச் சொல்லுய்யா அந்த செவிடன!"

சோக்கு இழுத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை ஞாயிறுகளாக மிஷினுக்கு மூடு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அது ஒழுங்காக ஏப்பம் விட்டிருக்கிறது. அவருக்கு அது கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவருக்கு வாரம் தவறாமல் கேட்டிருக்கிறது.

நான் ஓடிப்போய் சோக்கின் கையைப் பிடித்து நானே குமிழைத் தள்ளினேன். அடுத்த இழுப்பில் மிஷின் கிளம்பியது. கீச்சென்று கத்தியது.

"கோவம் ஜாஸ்தி! எரிஞ்சிடும்! கொறைக்கச் சொல்லு!"

மிஷின் எரிந்தால் ஏழுமலைக்கு வேறு வழியில்லை. நான் வலக்கையைக் காற்றில் இடப்பக்கமாகத் திருகிக் காட்டினேன். நான் படித்த புத்தகங்கள் எதிலும் கார்புரேட்டர் வரவில்லை. என் கையசைவைச் சோக்கு 'தள்ளி நில்லுங்கள்' என்று புரிந்துகொண்டு தள்ளி நின்றார். மல்லிகா அவர் காதிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக் கையில் திணித்து, மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... ம்ஹும், ஓவரா போச்சு, திருப்பு... ஆங். நிறுத்து!"

நான் கையை உயர்த்தினேன். மிஷின் சளி பிடித்த கிழவனைப் போலக் கொரகொரவென்று ஓடியது.

"இப்பதாண்டா அது சவுண்டு" என்றார் ஏழுமலை. தண்ணீர் தோளைத் தொட்டிருந்தது.

"இன்னா சொல்றான்?" என்றார் சோக்கு.

இந்தமுறை நான் எதையும் மாற்றவில்லை. அவர் காதருகே போய்ச் சொன்னேன், "சவுண்டு சரியா இருக்குதாம்." சோக்கு தலையை ஆட்டினார். லாரி ஜாக்கியும் சவுக்குக் கழிகளும் முட்டுக்கொடுத்தோம். அவர் அந்த மரத்தை அறுக்க எத்தனையோ ஞாயிறு ஆசைப்பட்டவர். குழந்தைக்கு முடி இறக்குவது போல அறுத்தார்.

ஏழுமலையை டிராக்டரில் ஏற்றிப் பாண்டிக்குக் கொண்டுபோனோம். கால் பிழைக்காது, ஆள் பிழைப்பார் என்றார்கள். நசுங்கிய சதையிலிருந்து என்னென்னவோ ரத்தத்தில் கலந்து கிட்னி நின்றுபோனதாக அடுத்த வாரம் சொன்னார்கள். அவர் மனைவி சென்னையிலிருந்து திரும்பி வந்தார்.

சுடுகாட்டு வழியில் அப்போதும் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. சோக்கு மிஷினோடு முன்னால் நடந்தார். வழியில் யாரும் "யாரு?" என்று கேட்கவில்லை. புளியமரத்தருகே பாடை நின்றது. சோக்கு இழுத்தார். மூழ்கடித்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஏழுமலை பொறுமையாகக் காத்திருந்தார். பழக்கப்பட்டவர்தான். அடுத்த தடவை மிஷின் 'ப்புக்' என்றதும் எனக்கே தெரியாமல் என் கை உயர்ந்தது. சோக்கு சோக்கை எடுத்தார். கொடுத்த வாக்குப்படி ரோடு கிளியராகிவிட்டது.

வெயில் காலம் வந்ததும் மிஷின் கொஞ்சம் அதிகமாகவே இருமுகிறது, புகைகிறது. கோவத் திருகைக் கொஞ்சம் முறுக்கிவைத்தால் சரியாகிவிடும் என்று பாண்டி மெக்கானிக் சொன்னதாக மல்லிகா சொல்கிறார். சோக்கு கேட்பதாக இல்லை. காதில் இப்போது ஸ்க்ரூ டிரைவர் இல்லை.

"அத தொடாதீங்க சார்" என்றார் என்னிடம். "ஏழுமல வெச்சது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல மிஷினோடு வந்து நிற்கிறார், மரம் இருந்த இடத்தைப் பார்த்தபடி. இழுக்கத் தொடங்கியதும் நான் எழுதுவதை மூடிவைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். இந்த வரியும் அப்படித்தான் பாதியில் நின்று, பிறகு எழுதப்பட்டது. அவர் என் பக்கம் திரும்புவதேயில்லை. ஆனால் ஏப்பம் வந்து நான் கையைத் தூக்கியதும் சோக்கை எடுத்துவிடுகிறார்.