கோல்ட் ஸ்டாருக்குப் பொத்தான் வேண்டாம்

அன்புத் தம்பி மகன் டேரனுக்கு, பெரியப்பா செசில் வாயால் சொல்ல, பக்கத்து வீட்டு மிஸஸ் பார்ஜெட்டர் கையால் எழுதும் கடிதம். இங்கே நான், வலது முட்டி நீங்கலாக, சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் அந்தச் சோம்பேறிப் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க.

கிறிஸ்துமஸுக்குப் பெய்த பனி மார்ச் வரை கரையாமல், கால்வாயில் நிலக்கரிப் படகுகள் உறைந்து நின்றதே, அப்புறம் ஆகஸ்டில் தபால் ரயிலைக் கொள்ளையடித்தார்களே, அந்த வருஷம்தான் என் பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் மோட்டார் சைக்கிள் என்னிடம் வந்தது. அன்று முதல் இன்று வரை அதை என் காலைத் தவிர எதுவும் கிளப்பியதில்லை. அதற்கு நீ பேட்டரியில் சுற்றும் ஸ்டார்ட்டர் மாட்டப் போகிறாயாம். பொத்தானை அமுக்கினால் போதுமாம். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிடுமாம். டேரன், அந்தக் கூட்டத்தில் நாற்பது கோல்ட் ஸ்டார் வரிசையாக நிற்கும். அவனவன் வண்டியை அவனவன் உதைத்துக் கிளப்ப வேண்டும், மற்றவர்கள் கையில் டீயோடு நின்று எத்தனை உதை என்று எண்ணுவார்கள். எனக்கு இதுவரை ஒன்றுக்கு மேல் எண்ணியதில்லை. அந்தப் பெயரைப் பொத்தான் வைத்து அழிக்கப் பார்க்கிறாயே, நீ என் தம்பி ரோலண்ட் பெற்ற பிள்ளைதானா?

பந்தயத்தில் ஓடிய வண்டியை அப்படியே ரோட்டில் இறக்கிவிட்டது மாதிரி அது. பெட்ரோல் டேங்கில் முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம். கைப்பிடி ரெண்டும் தாழ்ந்து கிடக்கும், முன்சக்கரத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் மாதிரி குனிந்துதான் ஓட்டணும். ஊரான் வண்டி மூணாம் கியரில் முக்கிப் பிடிக்கிற வேகத்தை இது முதல் கியரிலேயே எட்டிவிடும். ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சருக்குள் ஒரு குருவிக் கூட்டமே கீச்சிடும். பர்மிங்காமில் அதற்கு ஈடாக ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை, கல்யாண மணி உட்பட.

ஆனால் கிளப்பத் தெரியணுமே! மில்வர்டின் டீக்கடை முற்றத்தில் நாங்கள் எல்லாரும் கூடுவோம். லென் ஹாப்டே உதைத்தான், பூட்ஸ் அடி பிய்ந்து போனது. மோரிஸ் டாங்க்ஸ் உதைத்தான், அவன் முட்டி கைப்பிடியில் இடித்து நாலு நாள் நொண்டினான். ரோனி ஸ்ப்ராஸ்டன் உதைக்காமலேயே தோற்றுப் போனதாகச் சொல்லிவிட்டான். லென்தான் வாயாடி. "செசிலு, டேங்க்ல என்ன எழுதியிருக்கு, படி பார்ப்போம்!" என்பான். "விடுடா, இது கிளம்பவே போறதில்ல, ரோட்டு போர்டைப் படிக்கிற கஷ்டம் அவனுக்கு எதுக்கு?" என்பான் மோரிஸ். படித்த பயல்கள் மூணு பேர், வண்டியோடு வந்த கையேட்டை ஒருத்தனும் திறந்து பார்க்கலை. மில்வர்டின் மகள் டல்சிதான், முட்டையும் சிப்ஸும் பரிமாறின நேரம் போக, பால் கூடை மேல் உட்கார்ந்து எனக்கு அதைப் படித்துச் சொன்னாள். நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணினேன்: பெட்ரோலைத் திற, கார்புரேட்டர் சொட்டுற வரைக்கும் அமுக்கு, மிதி இறுகுற வரை மெல்ல இறக்கு, வால்வு லீவரைப் பிடிச்சு ஒரு மயிரிழை தாண்டு, லீவரை விடு, உடம்பு மொத்தமும் போட்டு உதை.

ஈஸ்டர் ஞாயிறு, முற்றம் நிறைய ஆள். எல்லாம் வரிசையாச் செஞ்சேன், உதைச்சேன். அடுத்து எனக்குத் தெரிஞ்சது வானம். வண்டி என்னைத் திருப்பி உதைச்சு, மோரிஸ் தலைக்கு மேல பறந்து, காலி பால் பாட்டில் நடுவுல கிடக்கேன். லென் சிரிச்ச சிரிப்புல டீ மூக்கு வழியா வருது. டல்சி கையில புத்தகத்தோட ஓடி வர்றா.

"ஐயோ செசில், அடுத்த பக்கத்துல இன்னும் ஒரு வரி இருக்கு!"

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"சிப்ஸ் கருகுதுன்னு அப்பா கத்தினாரு, நான் பக்கத்தையே திருப்பலை!"

உதைக்கிறதுக்கு முன்னாடி தீப்பொறி லீவரைப் பின்னால தள்ளிடணும், அதான் அந்த வரி. தள்ளினேன். ஒரே உதை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு, லாரிக்காரங்க வாயில முட்டையோட வெளியே வந்தாங்க. அன்னியிலிருந்து ஒரே உதைதான்.

ஒரே ஒரு சங்கதி. பந்தயத்துக்குன்னு பிறந்த வண்டி, நின்ன இடத்துல சும்மா ஓடாது, முறுக்கிக்கிட்டே இருக்கணும். கடை வாசல்ல டல்சி ஏதாவது சொல்ல வருவா, நான் வ்ரூம் வ்ரூம்னு முறுக்கிக்கிட்டே தலையை ஆட்டுவேன். அணைச்சா மறுபடியும் உதைக்கணும், ரெண்டாவது உதை தேவைப்பட்டா மானம் போயிடும். அந்தக் கோடை முழுக்க அவ என்ன சொன்னான்னு எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. லென்னோட ஓட்டை வண்டி பூனை மாதிரி உறுமிக்கிட்டு நிக்கும், அவன் நின்னு நின்னு பேசினான், அவளையே கட்டிக்கிட்டான். அதுக்காக கோல்ட் ஸ்டாரை நான் குறை சொல்ல மாட்டேன். நிக்கிறதுக்கா அதைச் செஞ்சாங்க?

ஆகவே டேரன், பொத்தான் வேண்டாம். முட்டி என் முட்டி, உதை என் உதை. நீ வெறுங்கையோடு வா, டீ தருகிறேன். உன் கூரை ஒழுகாமல், டயர் இறங்காமல், மனைவி மக்களோடு நீடூழி வாழ வாழ்த்தும்,

உன் பெரியப்பா செசில்

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள போன் வந்துச்சு. லென் போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சாம். ஞாயிற்றுக்கிழமை அவளும் கூட்டத்துக்கு வர்றாளாம், என்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். ஸ்டார்ட்டரைக் கொண்டு வா. சனிக்கிழமை விடிஞ்சதும் வா. நாற்பது பேரும் சிரிக்கட்டும், நான் எஞ்சினை அணைச்சிட்டுக் கேக்கப் போறேன். அந்த முற்றத்துல நின்னவங்கள்ல மோரிஸ் போயிட்டான், ரோனி போயிட்டான், லென்னும் போயிட்டான். என்னை விட்டா மிச்சம் ஒரே ஆள்தான், டல்சி மில்வர்ட்.