ஒரு மணி அடிச்சா இன்னா அர்த்தம்?

எனக்கு நீச்சல் தெரியாது. இத எல்லாத்துக்கும் முன்னாடியே சொல்லிடறேன். ஏன்னா ஏரில ஓட்ட ஒரு போட்டு வாங்கினப்போ நான் இத யார்கிட்டயும் சொல்லல. (நான் சொல்லச் சொல்ல எழுதறது என் பேத்தி. இப்பவே சிரிக்கறா.)

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துல நான் டிம்பர்மேன். பூமிக்குக் கீழ மேல்கல்லு தலைல விழாம மரம் முட்டு குடுக்கற வேலை. மைன்ஸ மூடப் போறாங்கன்னு பேச்சு அடிபட்ட காலம். வேலை கம்மி, கை சும்மா இருக்குமா? ஏரிக்கரைல மீன் புடிக்கற முனிவெங்கடப்பாவோட பழைய போட்டு ஒண்ணு கவுந்து கெடந்துச்சி. உள்ள ஒரு கோழி அடை படுத்துக்கினு இருந்துச்சி. என் ஓட்ட சைக்கிளக் குடுத்துட்டு போட்ட எடுத்துக்கினேன். கோழிய அவரு வச்சிக்கினாரு. இப்போ யோசிச்சா, கோழிய வாங்கிக்கினு போட்ட அவருக்கே விட்டிருக்கணும்.

"ஒரு ஆணி காசு குடுத்து வாங்கினாக்கூட, அந்தப் போட்லயே குடும்பம் நடத்திக்கோ"ன்னு என் சம்சாரம் கன்னியம்மா சொல்லிட்டா. அதனால எல்லாமே ஓசி. ரோடு போட்டவங்க விட்டுட்டுப் போன தாரு, சாக்கு நூலு, பார்சல் பொட்டிப் பலகை. பெயிண்ட்டு மூணு வீட்ல மிச்சமானது. ஒரு பக்கம் பச்ச, ஒரு பக்கம் நீலம், அடில கோயில் கதவு செவப்பு. உக்கார ஆண்டர்சன்பேட்டை சர்ச்சுல ஒடஞ்ச பெஞ்சுல பாதி. (அதுல உக்காந்தாலே பாவமன்னிப்பு கேக்கத் தோணும். பின்னாடி கேட்டேன்.)

ஓட்டை இருந்த எடத்துல எல்லாம் ஆப்பு அடிச்சேன். மைன்ஸ்ல எது ஆடினாலும் ஆப்புதான். கல்லுக்கு அது சரி. பலகைல ஆப்பு அடிச்சா ஓட்டை பெருசாவும்னு எனக்கு யாரும் சொல்லல.

அடுத்து, துடுப்பு. அதுவும் தெரியாது. அதுக்குத்தான் சூசையண்ணன். மைன்ஸ்ல கேஜ்ங்கற கூண்டுல ஆளுங்கள ஏத்தி எறக்கற வைண்டிங் டிரைவரா இருந்து ரிடையரானவரு. போட்டுக்கு முன்னாடி கயிறு கட்டி, கெணத்துல மோட்டார் எறக்கற வின்ச்சு ஒண்ணுல சுத்தி, கரைக்கு அந்தாண்ட கீற புளியமரத்துல மாட்டினோம். அங்கேர்ந்து பாத்தா ஏரியே தெரியாது.

"அண்ணே, என்னப் பாக்காம எப்படி இழுப்ப?"

"டேய், முப்பது வருஷம் கேஜைக் கண்ணால பாத்தா ஓட்டினேன்? மணியக் கேட்டு ஓட்டினேன். நீ மணி அடி. வாயால சொன்னா கேக்க மாட்டேன்."

சரின்னு போட்ல ஒரு கம்பு நட்டு பித்தளை மணி கட்டினேன். மைன்ஸ் கணக்குதான். ரெண்டு அடிச்சா எறக்கு, அதாவது கயிறு விடு. ஒண்ணு அடிச்சா, நின்னுக்கினு இருந்தா தூக்கு, அதாவது இழு. ஓடிக்கினு இருந்தா நிறுத்து. இந்த ஒத்த மணிய நல்லா ஞாபகம் வச்சிக்கோங்க.

முனிவெங்கடப்பா பாத்துட்டு, "கயிறு கட்டி இழுக்கறதுக்கு இது இன்னா எருமையா சாமி?"ன்னு கேட்டாரு. பொறாமைல பேசறாருன்னு நெனச்சேன்.

அப்பதான் என் பொண்ணு செல்விக்கு குடியாத்தத்துலேர்ந்து வரன் வந்துச்சி. பையன அவளுக்கு ரொம்பப் புடிச்சிடுச்சி. காப்பி குடுத்தவ காலி டம்ளர வாங்க மறந்து நின்னுக்கினே இருந்தா. ஆனா பையனோட அப்பா வேலாயுதம், லுங்கி வியாபாரம், பெரிய ஒடம்பு, பிடியே குடுக்கல. "ஊட்டுக்குப் போயி யோசிச்சி சொல்றோம்"னாரு. கதவுக்குப் பின்னால செல்வி மூஞ்சி சுருங்கிப் போச்சி.

கெளம்பறப்போ கேட்டாரு. "சொந்தமா போட்டு வச்சிக்கிறீங்களாமே?"

"ஆமா சம்மந்தி, ஒரு ரவுண்டு போலாமா?" (இன்னும் சம்மந்தி ஆவல. நாக்கு முந்திக்கிச்சி.) எப்படியாவது மனுசன அசத்திடணும்னு எனக்கு வெறி.

சூசையண்ணன் புளியமரத்தாண்ட ரெடி. ரெண்டு மணி அடிச்சேன். கயிறு விட்டாரு. மூங்கில ஊணித் தள்ளினேன். பூவாட்டம் போச்சி. வேலாயுதம் பெஞ்சுல ராஜா மாதிரி உக்காந்திருந்தாரு. போதும்னு ஒரு மணி அடிச்சேன், நின்னுச்சி. இன்னும் ஒண்ணு அடிச்சேன். போட்டு திரும்பி கரையப் பாத்து வர ஆரம்பிச்சிச்சி.

அப்போ 'டப்'புனு ஒரு ஆப்பு எகிறிச்சி.

"இன்னாங்க, கால் நனையுது?"

"அது... கழுவி விட்ட ஈரம்ங்க."

ஈரம் குழாயாட்டம் பீச்சி அடிக்குது. வேகமா இழுக்கச் சொல்லணும்னு பதட்டத்துல ஒரு மணி அடிச்சேன். ஓடிக்கினு இருந்த போட்டு. ஒரு மணின்னா? சூசையண்ணன் நிறுத்திட்டாரு.

ஏன் நின்னுச்சின்னு இன்னொண்ணு அடிச்சேன். இழுத்தாரு. வேகம் பத்தலியேன்னு இன்னும் ஒண்ணு. நிறுத்திட்டாரு. மறுபடி ஒண்ணு அடிச்சேன், இழுத்தாரு. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு ஆப்பு புடுங்கிக்கினு வந்துச்சி. தண்ணி முட்டி வரைக்கும் வந்துடுச்சி.

"யோவ் சூசை! வேகமா இழு!"

கரைக்கு அந்தாண்டலேர்ந்து கொரலு வருது: "வாய்ல சொல்லாத! மணில சொல்லு!"

சொன்னேன். நிறுத்திட்டாரு.

போட்டு என் காலுக்குக் கீழ சத்தமில்லாம எறங்கிப் போச்சி. நான் மாரியம்மா, வேளாங்கண்ணி மாதா, நாகூர் ஆண்டவருன்னு ஒருத்தர் விடாம கூப்டேன். "செல்விய உங்க ஊட்டுப் பொண்ணா நெனச்சிக்கோங்க"ன்னு கத்திக்கினே முழுவினேன். யாரோ சட்டைக் காலரப் புடிச்சித் தூக்கினாங்க.

"கால ஊணுங்க. தரை கீது."

வேலாயுதம் நின்னுக்கினு இருந்தாரு. மார்பளவு தண்ணி. வயசு பூரா பூமிக்குள்ளயே கெடந்தவன், காலுக்கடில பூமி கீதுன்னு குடியாத்தத்துக்காரரு சொல்லித்தான் தெரிஞ்சிக்கினேன்.

கரை ஏறினோம். கன்னியம்மா என்னப் பாக்காம, போட்டு முழுவின எடத்தையே பாத்தா. அது திட்டறத விட மோசம். செல்வி துண்டோட ஓடி வந்தா. அப்பனுக்கு இல்ல, மாமனாருக்கு. வேலாயுதம் வேட்டியப் புழிஞ்சிக்கினு கரைல உக்காந்தாரு. முடிஞ்சிடுச்சி, என் பொண்ணு வாழ்க்கைய நானே முழுவடிச்சிட்டேன்னு நெனச்சேன்.

அவரு ஒடம்பு குலுங்குச்சி. குளுருதோன்னு பாத்தா, சிரிக்கறாரு!

"போட்டு வச்சிக்கிற ஊடு, நம்ம ரேஞ்சுக்கு ஒத்து வருமான்னு வந்ததுலேர்ந்து எனக்கு ஒரே பயம் சம்மந்தி. இப்போ போட்டும் போச்சி, பயமும் போச்சி. நாள் குறிச்சிடலாம்."

அவரு சம்மந்தின்னு சொன்னாரு பாருங்க. அடியில ஷிப்டு முடிச்சி கேஜ்ல மேல வந்து வெளிச்சத்தப் பாக்கறப்போ ஒரு மூச்சு வரும். அந்த மூச்சு வந்துச்சி எனக்கு.

அப்பதான் சூசையண்ணன் கரை மேல தலைய நீட்டினாரு. "ரொம்ப நேரமா மணி வரலியே, இன்னா ஆச்சி?"

சீருன்னு சம்மந்தி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அந்த மணி. முனிவெங்கடப்பா முழுவி எடுத்துக் குடுத்தாரு. போட்டையும் இழுத்துப் போட்டாரு. மறுபடியும் கோழி ஏறிக்கிச்சி. மணி இப்பவும் குடியாத்தத்துல அவங்க ஊட்டு வாசல்ல தொங்குது. நான் எப்போ போனாலும் ஒரு தட்டு தட்டுவேன்.

உள்ளேர்ந்து சம்மந்தி கொரலு வரும்: "நிறுத்தவா, தூக்கவா?"