ஏழு பாய்மரமும் ஒரு குதிரைத் தலையும்

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய விஜயராஜ் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் பிரின்ஸ் சங்கரன்கோவிலிலிருந்து எழுதுவது. மஸ்கட்டில் நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இங்கு அம்மாவுக்குச் சுகம். தம்பி ஜெபசிங்குக்குச் சுகம். நான் மேனேஜராக இருக்கும் நம் பார்க்கின் ராட்டினத்துக்கும் சுகம். எனக்கு இல்லை.

போனில் சொன்னால் சிரிக்கிறீர்கள். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். ஆகவே காகிதம். கடையநல்லூர் முகம்மது ஹுசைன் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார். கடிதத்தை உங்கள் கையிலேயே தருவார். அவர் எதிரில் உட்கார்ந்து வாசிக்கவும்.

எல்லாம் உங்கள் ஒரு பதிவிலிருந்து தொடங்கியது. பார்க்கை விரிவாக்கப் போகிறோம், நீச்சல் குளத்துக்குப் பின்னால் கிடக்கும் தரிசில் சினிமாவை வைத்து ஒரு ரைடு வருகிறது, எந்தப் படம் என்று மக்களே சொல்லுங்கள் என்று மஸ்கட்டில் இருந்துகொண்டு ஃபேஸ்புக்கில் போட்டீர்கள். அதுவரை நம் பக்கத்தில் வந்த கருத்துகள் மூன்று வகை. டிக்கெட் எவ்வளவு. பஸ் உண்டா. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. அன்று இரவுக்குள் உலகம் இரண்டாகிவிட்டது. ‘ஏழு பாய்மரம்’ படத்துக் கப்பல்தான் வேண்டும் என்று ஒரு கட்சி, ‘கந்தகக் குதிரை’ படத்துக் குதிரைதான் வேண்டும் என்று இன்னொரு கட்சி. வாசுதேவநல்லூரிலிருந்து, ராயகிரியிலிருந்து, நம் பார்க் எந்த ரோட்டில் இருக்கிறது என்றே தெரியாத மலேசியாவிலிருந்து. “ஏலே, உங்க ஆளு குதிரையில ஏற ஸ்டூல் போட்டாம்லா” என்று ஒருவன். “உங்க ஆளு கப்பல்ல வாந்தி எடுத்த கதய நாங்க சொல்லவாலே” என்று மற்றவன். நடுவில் ருக்ஸானா என்று ஒரு அம்மா, “எந்தப் படமும் வைங்க, முதல்ல வரிசையில நிக்க ஒரு கூரை போடுங்க, பிள்ளைய வெயில்ல மயங்கி விழுதுவ” என்று எழுதியிருந்தார். கப்பல் கட்சி அவரைக் குதிரையின் கைக்கூலி என்றது. குதிரைக் கட்சி கப்பலின் கைக்கூலி என்றது. இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

கழிப்பறைத் தண்ணீருக்காக இந்த ஊரில் யாரும் யாரையும் இவ்வளவு ஆசையாகத் திட்டியதில்லை. யோசித்தேன். இதையே கருத்தாகப் போட எழுதி வைத்தேன். அழித்துவிட்டேன்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். எந்தப் பக்கமும் இல்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: தள்ளி நின்று பார். தள்ளி நிற்பவனுக்கு இந்த ஊரில் நிற்க இடமில்லை.

ஏனென்றால் கப்பல் கட்சியின் நகரத் தலைவர், எனக்குப் பேசி முடித்திருக்கும் ஏஞ்சலின் அப்பா தங்கப்பழம் மாமா. ஐம்பத்தெட்டு வயது. வத்தல் மண்டி. நிச்சயத்தின்போது அவர் இதைச் சொல்லவில்லை. நாமும் விசாரிக்கவில்லை, மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்றுதானே விசாரிப்பார்கள், மாமனார் எந்த நடிகர் என்று யார் கேட்டார்கள். வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். “மாப்ள, கப்பல்தான? நம்ம பார்க்கு, நம்ம கப்பல்” என்றார். உள் அறையிலிருந்து ஜெபசிங், “குதிரை, மாமா” என்றான். “யாரது?” “உங்க மாப்பிள்ளைக்குத் தம்பி.” “சின்னப் பையன், தெரியாமச் சொல்லுதான்.” “தெரிஞ்சுதான் சொல்லுதேன். ஒங்க ஆளுக்கு நீச்சலே தெரியாது.” தங்கப்பழம் மாமா காபியைக் கீழே வைத்தார். நான் காபியைப் பார்த்தேன். ஆடை படிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உங்கள் சமாதானக் குரல்பதிவு வந்தது. “ரெண்டு பேரும் நம்ம பிள்ளையதாம்ல. கப்பல் முகப்புல குதிரைத் தலைய வைல, தீந்துபோச்சு.” தீரவில்லை மாமா. அப்படி ஒரு முகப்பை ராஜபாளையத்தில் செய்வித்து, சோதனைக்காக, பார்க்கில் ஏற்கெனவே ஓடும் டிராகன் ரயிலின் தலையைக் கழற்றிவிட்டு மாட்டினோம். மேலே ஒரு நாயகன் சிலை. உரிமை வாங்கச் செலவாகும், முகம் யார் மாதிரியும் இருக்கக் கூடாது என்றீர்கள். இருக்கவில்லை. இரண்டு கட்சியும் அது எதிரியின் முகம் என்று சத்தியம் செய்தது. ஆனாலும் பால் பாக்கெட்டோடு வந்துவிட்டார்கள். போதகர் ஜெபித்துவிட்டுப் போனார். ஆபரேட்டர் சண்முகையா, “புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்காம எடுக்கப்படாது சார்” என்று குனிந்தார். தடுத்திருக்கலாம். இந்தப் பழக்கத்துக்கு வகுப்பில் ஒரு பெயர் சொன்னார்களே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெயர் நினைவுக்கு வருவதற்குள் எல்லாச் சக்கரத்துக்கும் வைத்து முடித்துவிட்டார். லாரி என்றால் எலுமிச்சம்பழத்தை நசுக்கும். நம் ரயிலில் எடை இல்லை. பழம் ரயிலைத் தூக்கிவிட்டது. தண்டவாளமெல்லாம் பால். முகப்பு ஒரு பக்கம் சாய, குதிரைத் தலை உடைந்து, முதல் ஆளாக வெள்ளைச் சட்டையில் ஏறி உட்கார்ந்திருந்த தங்கப்பழம் மாமாவின் மடியில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வார்? அந்த நேரம் பார்த்து ஒருத்தன் போட்டோ எடுத்துவிட்டான். சாயங்காலம் ஜெபசிங் கூட்டம் அதைப் போட்டது. ‘தங்கப்பழம் அண்ணாச்சி எங்கள் பக்கம் வந்துவிட்டார். வாழ்த்துகள்.’

மறுநாள் ஞாயிறு. எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையைச் சபையில் இரண்டாம் முறை வாசிக்கும் நாள். வழக்கம்போல் போதகர், இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். எத்தனையோ வருடமாகக் கேட்கிறார்கள், ஒருத்தர் எழுந்து நாம் பார்த்ததில்லை. எழுந்தார். பெண்ணைப் பெற்றவர்.

“ஆட்சேபணை இருக்கு ஐயா.”

“என்னது, தங்கப்பழம்?”

“மாப்பிள்ளை வீட்டுல குதிரை இருக்கு.”

“இருந்தா என்னவே? கட்டிப்போடுவாவ.”

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலைக்குள் கப்பல் மட்டும் என்று நீங்கள் அறிவிக்காவிட்டால் கல்யாணம் இல்லை என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார். கப்பல் என்று அறிவித்தால் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறான் ஜெபசிங். அம்மா சாப்பிடவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஏஞ்சல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

மாமா, விரிவாக்கமே வேண்டாம் என்று அறிவித்துவிடுங்கள். கப்பலும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். தரிசு தரிசாகவே கிடக்கட்டும். வெறும் நிலத்துக்கு ரசிகர் மன்றம் கிடையாது. திரையில் ஒருவன் கூலி வாங்கிக்கொண்டு ஏறி இறங்கிய பொம்மைக்காக, கூலி வாங்காமல் நாம் ஏன் சண்டை போட வேண்டும்? என் மனச்சாட்சி இதற்குமேல் இடம் கொடுக்கவில்லை. சனிக்கிழமைக்குள் பதிவு போடவும். இல்லையென்றால் மேனேஜர் வேலைக்கு வேறு ஆள் பார்க்கவும்.

அத்தைக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்களுக்கு நீடித்த ஆயுளையும், பதிவு போடுமுன் ஒரு நிமிட யோசனையையும் கர்த்தர் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
பிரின்ஸ்

பின்குறிப்பு: ஹுசைனிடம் கொடுக்கப் போகும் வழியில், பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் ஏஞ்சலிடம் இதை வாசிக்கக் கொடுத்தேன். மெச்சுவாள் என்று நினைத்தேன். முழுக்க வாசித்தாள். மடித்தாள்.

“அப்பாவுக்குக் கப்பல் வேணும். ஜெபசிங்குக்குக் குதிரை வேணும். ஒங்களுக்கு என்ன வேணும்?”

“நீதான்.”

“அத இதுல எங்கன எழுதியிருக்கிய?”

தேடினேன். இல்லை. “எங்கப்பா ஒரு பொம்மைக்காக சபையில எந்திரிச்சு நின்னாவ. நீங்க எனக்காக எந்திரிக்கல” என்றாள். ஜூஸைக் குடித்து முடித்தாள். அவள் இரண்டு படத்தையும் பார்த்ததில்லையாம்.

ஆகவே மாமா, மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். மனச்சாட்சி இடம் கொடுத்துவிட்டது. இன்றிலிருந்து நான் கப்பல். மூன்றாம் ஓலையன்று நானே எழுந்து நின்று சொல்லப்போகிறேன். ஜெபசிங்குக்கு நீங்கள் போன் பண்ணவும். கப்பலையே கட்டுங்கள், பெரிதாகக் கட்டுங்கள். பாய்மரம் ஏழும் நல்ல அகலமாக இருக்கட்டும். வரிசையில் நிற்கிற பிள்ளைகள்மேல் நிழலாவது விழும்.