மூன்று பிளேன்டீயும் ஒரு கோழியும்

புது மாப்பிள்ளை பொய் சொல்லலாம். அதை ஒளிபரப்பக் கூடாது. சாய்ந்தமருதில், மனைவி வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம் இதை நான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் போனேன். உடுப்புப் பை ஒன்று, பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று, குர்பான் கிடாய் நிறையில் முதுகு வீங்கிய டீவி ஒன்று. (புது டீவியில் அந்தப் பெட்டி சரிவராது. ஏன் என்று கேட்காதீர்கள், விடியும்வரை விளக்குவேன்.) பெட்டிக்கு என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. அதன் கசெட்டுகளைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். கல்முனையில் பழைய சாமான் கடைகளைக் கிளறி, செத்த பெட்டிகளின் உறுப்புகளைக் கழற்றி வந்து இதற்குப் பூட்டுவேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இவ்வளவு பாடுபட்டதில்லை.

இதையெல்லாம் பெண் வீட்டில் சொல்ல வெட்கம். நல்லவேளையாக நான் வேலை பார்க்கும் கந்தோரில் சம்பள உயர்வுக்கான தடைதாண்டல் பரீட்சை வந்தது. "மருமகன் பெரிய சோதனை எடுக்கப் போறாரு" என்று மாமி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் அசர் தொழுத கையோடு அறைக்குள் போய், கதவைச் சாத்தி, கோழி விளையாடினேன். குடை பிடித்துக்கொண்டு குழி பாயும் கோழி அது. எட்டாம் கட்டத்தில் ஒரு குழி. பத்து வருடமாக அதை என்னால் தாண்ட முடியவில்லை.

மாமியின் வளவுக்குள் மூன்று வீடு. மகள்மாருக்கென்று கட்டியவை, மூன்றுக்கும் ஒரே அன்ரனா. அதன் வயர் ஒன்று என் அறைக்கும் வந்தது. தினமும் வயரைக் கழற்றிப் பூட்ட அலுப்புப்பட்டு, ஒருநாள் கேம் பெட்டியின் வயரையும் அதையும் ஒன்றாக முறுக்கிவிட்டேன். படம் நன்றாக வந்தது. வளவு முழுக்க வந்தது.

அன்று டீவிச் சனலில் கிரிக்கெட். நான் 'படிப்பதால்' மூன்று வீட்டிலும் டீவிச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். பந்து போட ஓடி வந்தவன் மேல் ஒரு கோழி பாய்ந்தது. விளம்பரம் என்று நினைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதொன்றும் தெரியாது. மாமி கதவைத் தட்டினார். கேமை நிறுத்தி, டீவியைக் கொடியில் கிடந்த என் சாரத்தால் போர்த்திவிட்டுத் திறந்தேன். பாலில்லாத பிளேன்டீ. ஐந்து நிமிடத்தில் இன்னொன்று.

"களைச்சிப் போயிரிப்பீங்க மருமகன்."

மூன்றாவதும் வந்தது. இப்படிப் பாசம் வைத்தவரை ஏமாற்றுகிறேனே என்று உண்மையாகவே கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு மறுபடி கோழியைப் பாயவிட்டேன்.

முதல் பிளேன்டீதான் பாசம். மற்ற இரண்டும் மாமாவின் ஏற்பாடு. மாமி கதவைத் தட்டினால் கோழி அந்தரத்தில் நிற்கிறது, திரும்பி வந்தால் பாய்கிறது என்பதை அந்த மனிதர் கண்டுபிடித்துவிட்டார்.

நான்காம் முறை தட்டியது மாமாவே. பின்னால் மச்சான்மார், மதினிமார், என் மனைவி. என் மரியாதை அந்த வாசலிலேயே போய்ச் சேர்ந்தது. மாமா சாரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"மருமகன்."

"ஓம் மாமா."

"பதினாலு தரம் விழுந்திட்டீங்க. விளிம்புக்குப் போக முந்தியே பாயிறீங்க. கொஞ்சம் பொறுத்துப் பாயணும்."

"அல்லாஹ்வே, இதச் சொல்லவா இத்தின பேரும் வந்த?" என்றார் மாமி.

அந்தப் பரீட்சையில் நான் தேறவில்லை, இரண்டாம் தரம் எழுதித்தான் தேறினேன். குழியை மாமா அடுத்த கிழமையே தாண்டிவிட்டார். பெட்டி இன்றும் உயிரோடு இருக்கிறது. கசெட் துடைப்பது அவர்தான், என்னைத் தொட விடுவதில்லை. என் மகள் புத்தகத்தோடு எழுந்து, "படிக்கப் போறன்" என்றால் போதும், அடுப்படியிலிருந்து மாமி கேட்பார்:

"எந்தச் சனல்ல புள்ள?"