பதினொன்றுதான் என்று அடித்துச் சொல்பவர்

மனிதர்களில் பட்டியலார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எதைக் கேட்டாலும், "அது லிஸ்ட்டுல இருக்கா?" என்று திருப்பிக் கேட்பார். இருந்தால், அந்தப் பொருள் உலகத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால், அதை நீங்கள் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாலும் இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பு தீர்ந்துவிட்டது என்று மனைவி சொன்னால், "ஒண்ணு மிச்சம் இருக்கே, எழுதி வெச்சிருக்கேனே" என்று ஃபோனை நீட்டுவார். "அப்ப அந்த ஃபோனாலயே கழுவுங்க" என்பார் அந்த அம்மாள். இதற்கெல்லாம் அழிந்துபோகிற இனமா அது?

நாம் பார்க்கப்போகும் பட்டியலார், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு நிறுவனத்தில், மூன்றாம் மாடியில், ஏசி சொட்டும் மூலைக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர். அங்கே எழுதுகிற ஒவ்வொரு நிரலையும், அது ஓடத் தேவையான சகலத்தோடும் சேர்த்து ஒரு பெட்டியாகக் கட்டிவிடுவார்கள். அந்தப் பெட்டிக்கு இமேஜ் என்று பெயர். பெட்டிகளை வைக்கும் கிடங்குக்கு ரெப்பாசிட்டரி. கிடங்குகளோ கிளவுட் டேட்டாபேஸுக்குள்ளே, யார் கண்ணுக்கும் படாமல் இருக்கின்றன. ஆனால் 'இமேஜ் ரெப்பாசிட்டரிகளைக் காட்டு' என்று, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில், ஒற்றை வரி தட்டினால் போதும்; பெயர், உருவான தேதி, சொந்தக்காரர் என்று அத்தனையும் வரிசையில் வந்து நிற்கும்.

தோளிலிருந்து பையை இறக்குவதற்கு முன்பே அந்த ஒற்றை வரியைத் தட்டிவிடுவார் பட்டியலார். பதினொரு வரிகள் இறங்கும். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, உதட்டை அசைத்து எண்ணி, கடைசி வரிக்கு வந்ததும் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து, அதன்பிறகுதான் டீ குடிக்கப் போவார். ஆறு வருடமாக இப்படித்தான். அந்தக் கிடங்குகளில் ஒன்றையாவது திறந்து உள்ளே பார்த்திருக்கிறாரா? சேச்சே. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் எல்லோரையும் கூட்டிச் சொன்னார். பழைய டேட்டாபேஸை வியாழன் மாலை மூடுகிறார்கள். கிடங்குகளை அதற்குள் புதிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாதது பழையதோடு போய்விடும்.

"மொத்தம் எத்தனை சார்?" என்று பட்டியலாரைப் பார்த்துக் கேட்டார் ஒருவர்.

"பதினொண்ணு. அடிச்சுச் சொல்றேன்" என்றார் பட்டியலார்.

செவ்வாயன்று அவர் மேசைக்கு வந்தவர் சோதனைப் பிரிவுக்காரி. மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்தவர். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவருகிற அவசரம் நடையிலேயே தெரியும்.

"சார், கண் ஆஸ்பத்திரி டோக்கனுக்கு ஒரு நிரல் இருக்கே, அதோட கிடங்கை மாத்தியாச்சா?"

"அப்படி ஒண்ணு லிஸ்ட்டுல இல்லையேம்மா."

"ஆனா ஓடிக்கிட்டு இருக்கே சார்."

"ஓடலாம். லிஸ்ட்டுல இல்ல."

அந்தப் பெண் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அதே ஒற்றை வரிதான். வந்து நின்றவை பதினான்கு. பட்டியலார் இரண்டு முறை எண்ணினார். பிறகு, "உங்க மெஷின்ல ஏதோ கோளாறு" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவராக இருந்தால் போய்விட்டிருப்பார். இவர் பேசாமல் கண் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மேசையில் வைத்தார். வரவேற்பறையின் இரைச்சல், யாரோ ஒருவரின் இருமல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிதானமான குரல்: "டோக்கன் நாற்பத்திரண்டு, மூன்றாவது அறைக்கு வரவும்."

"கண்ணுல கட்டுப் போட்டவங்களால போர்டைப் பார்க்க முடியாது சார். அதுக்காக வெச்ச குரல். தினமும் காலையில நிரல் திரும்பக் கிளம்பும்போது கிடங்குல பெட்டியைத் தேடும். வெள்ளிக்கிழமை தேடினா கிடைக்காது."

பட்டியலார் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். அதற்குள் ஃபோனில் நாற்பத்துமூன்றையும் கூப்பிட்டாயிற்று.

அவருக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கட்டுப் போட்ட கண்களோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள் ஒரு பக்கம். 'எல்லாம் சாருக்குத் தெரியும்' என்று ஆறு வருடமாகச் சம்பாதித்த பெயர் மறுபக்கம். மூன்று மணிக்கு எழுந்து, டேட்டாபேஸ் அம்மா என்று எல்லோரும் கூப்பிடும் நிர்வாகியின் அறை வாசலில் போய் நின்றார்.

"சும்மாதான் வந்தேன் மேடம்."

"ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட சும்மா வந்ததில்லையே நீங்க."

"எனக்குத் தெரியாத ரெப்பாசிட்டரி ஏதாவது இருக்கா?"

"உங்க ரோலுக்கு எதையெல்லாம் பார்க்க அனுமதி இருக்கோ, அதை மட்டும்தான் காட்டும் சார். மத்தது இல்லைன்னு அது எப்பவும் சொன்னதில்ல. நீங்கதான் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

அந்த அம்மாள் தன் ரோலில் அதே வரியைத் தட்டினார். பதினேழு.

பட்டியலாருக்குக் காது மடல் சூடானது. இருந்தாலும் ஒரு நப்பாசை விடவில்லை. "அப்ப பதினேழுதான் மொத்தமே. இல்லையா?"

"என் கண்ணுக்குப் பதினேழு. எனக்கு மேலயும் ஒரு ரோல் இருக்கு, தலைமை ஆபீஸ்ல."

இதற்குப் பிறகு பட்டியலார் செய்ததை அவர் மனைவியிடம் சொன்னால் நம்பமாட்டார். நேரே மேனேஜரிடம் போய், "எத்தனைன்னு எனக்குத் தெரியல சார்" என்றார். உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார் மேனேஜர். புதனன்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போனது. பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாமல், பட்டியலாரும் சோதனைப் பிரிவுக்காரியும் ஒவ்வொரு மருத்துவமனையாக ஃபோன் போட்டு, "எங்களோடது உங்ககிட்ட என்னென்ன ஓடுது?" என்று கேட்டார்கள். எங்கோ ஒரு சிறிய குழந்தை மருத்துவமனையில், தடுப்பூசி நாளைத் தாய்மார்களுக்கு நினைவூட்டும் நிரல் ஒன்று, எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும், தன்பாட்டுக்கு நாலு வருடமாக உழைத்துக்கொண்டிருந்தது. அது பதினேழிலும் இல்லை. தலைமை அலுவலகத்துப் பதிலில் இருந்தது, கூடவே இன்னொன்றும்.

வியாழன் நாலரை மணிக்குக் கடைசிக் கிடங்கும் புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வெள்ளி காலையில் பட்டியலாரே கண் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, டோக்கன் ஒன்றைக் கூப்பிடும்வரை வைக்காமல் காதோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

திருந்திவிட்டார் என்றா நினைத்தீர்கள்? அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கிடங்குகளைப் பற்றி விசாரித்தபோது, பட்டியலார் நாற்காலியில் சாய்ந்து, "பத்தொன்பது. அதுக்கு மேல இருக்க வாய்ப்பே இல்ல" என்றார். பக்கத்து மேசையில் சோதனைப் பிரிவுக்காரி சிரிப்பை மறைக்கத் தலைகுனிந்துகொண்டார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கு என்ன பிடிக்கும், யாருக்கு என்ன குறை என்று கேட்டால் தூக்கத்தில்கூட ஒப்பித்துவிடுவீர்கள், தெரியும். ஆனால் நேற்று சாயங்காலம் உங்கள் மகள் ஃபோனில் யாரிடமோ அழுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தாளே, நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் சட்டென்று பேச்சை நிறுத்தி, "ஒண்ணுமில்லப்பா" என்றாளே, அதை உங்கள் பட்டியலில் எத்தனையாவதாகச் சேர்த்தீர்கள்?