வடகோபுரத்தின் இருபத்தேழாம் நாக்கு

வாழ்க, அட்டைக்கோட்டை சமைத்த ஆண்டகை! வாழ்க, கத்தரிக்கோல் ஏந்திய கரத்தினன், இரும்பு ஸ்கேல் தாங்கிய இடையினன், மூக்கு நுனிவரை கண்ணாடி சரிந்தபோதும் கோடு பிசகாமல் வெட்டும் கொற்றவன்! வார நாட்களில் அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளில் சிக்கிப் புலம்புவோரைக் கதவு பெயர்த்து மீட்கும் மெக்கானிக்காகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டைவிரல் உயரப் படைகளுக்கு மதிலும் பாலமும் கிணறும் காகிதத்தால் எழுப்பித் தரும் மாமன்னனாகவும் இருவேறு பிறவிகளை ஒரே உடம்பில் சுமந்த அப்பெருமகனின் போர்த்திறம் இங்கே உரைக்கப்படுகிறது. தாளை விழுங்காமல் ஒரு நாளேனும் ஒழுங்காய் இயங்கும் பிரிண்டரே, நீ எங்கிருந்தாலும் வந்து துணை நிற்பாயாக!

போரின் காரணம் யாதெனில், ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு வீரனின் சாப்பாட்டு மேசைமீது பகடை உருட்டிப் படை நடத்தும் ஆட்டம் ஒன்று நடப்பது வழக்கம். ஆடுவோர் மூவர்: வீரன், அவன் மனைவியின் தம்பி, மேல்மாடியில் குடியிருக்கும் மருந்துக்கடைக்காரர். போர்க்களத்துக்கு வேண்டிய கட்டடங்களை இணையத்திலிருந்து இறக்கி, கெட்டி அட்டையில் அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒட்டித் தருவது வீரனின் பொறுப்பு. ஆனால் மூன்று வாரங்களாகக் கோட்டை வந்த பாடில்லை. "இன்னும் காயல" என்ற இரண்டே சொற்களைக் கேடயமாகப் பிடித்து அவன் காலம் தள்ளிவந்தான். மைத்துனனோ கடையில் ஆயத்தமாக விற்கும் பிளாஸ்டிக் கோட்டை ஒன்றை வாங்கித் தன் வீட்டு அலமாரியில் கொலுவிருத்தி, சென்ற ஞாயிறு செருப்பை மாட்டிக்கொண்டே சூளுரைத்தான்:

"மாமா, அடுத்த வாரம் நாலு மணிக்கு கோட்டை முழுசா நிக்கணும். இல்லேன்னா இனிமே ஆட்டம் எங்க வீட்லதான்."

"நிக்கும் மாப்ள. நீ வாயப் பொளந்துக்கிட்டு பாக்கத்தான் போற."

ஆட்டம் இடம் மாறினால் வீரனின் அரியணை என்னாவது? பிளாஸ்டிக் முன்னே காகிதத்துக்கு ஏது மதிப்பு? பிறர் வீட்டு மேசையில் அவன் பகடை உருட்டும் வெறும் விருந்தாளி ஆவான். அதைவிட அச்சுப்பொறியில் தலையைக் கொடுப்பது மேல் என்று அவன் நெஞ்சு கொதித்தது.

நிற்க. குறித்த ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு மதில்கள் நான்கும் நின்றன, பாலம் நின்றது, கிணறு நின்றது. எஞ்சியது வடகோபுரம் ஒன்றே. மடித்து ஒட்டுவதற்கென அட்டையின் ஓரத்தில் விட்டிருக்கும் சிறு மடிப்புகளுக்கு நாக்கு என்று பெயர். அவ்வாறு இருபத்தேழு நாக்குகள் நீட்டி நின்ற அந்த அரக்கியை, காற்றடித்தால் படை கலையும் என்று மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தி, வேர்வை அருவியென முதுகில் இறங்க, பல்குச்சி நுனியில் வெள்ளைப் பசை தொட்டுத் தொட்டு ஒவ்வொரு நாக்காக அடக்கிக்கொண்டு வந்தான் வீரன். முதலாம் நாக்கு முனகாமல் படிந்தது. எட்டாம் நாக்கு எதிர்த்துத் துள்ளி, கட்டைவிரலின் கீழ் அரை நிமிடம் அழுத்துண்டு அடங்கியது. பதினைந்தாம் நாக்கோ பாதி கிழிந்தும் பணிய மறுத்து, செல்லோடேப் என்னும் இழிந்த ஆயுதத்தால் வீழ்த்தப்பட்டது. அதை வரலாறு மன்னிப்பதாக.

வெற்றி வெறி தலைக்கேறிய அவ்வேளையில்தான் வீரன் பெரும்பிழை ஒன்றைச் செய்தான். வரிசை மறந்து, பக்கச்சுவர் மூடும் முன்னரே கூரையை மேலே கவிழ்த்து ஒட்டினான். அடித்தட்டையும் கீழே ஒட்டினான். 'கூரையைக் கடைசியில் ஒட்டவும்' என்று செய்முறைத் தாளின் அடியில் எறும்பளவு எழுத்தில் அச்சிட்டிருந்தது உண்மையே. ஆனால் மேசை அழுக்காகாமல் இருக்க அத்தாளைத்தான் அவன் பசைப்புட்டியின் அடியில் விரித்திருந்தான்.

ஆகவே இருபத்தேழாம் நாக்கு, பக்கச்சுவர் மூடும் கடைசி இணைப்பில், தனித்து நின்று நகைத்தது. வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே அமுங்கியது. விட்டால் முயற்குட்டிபோல் மீண்டும் எட்டிப் பார்த்தது. உள்ளிருந்து முட்டுக் கொடுக்க வழியில்லை. மேலே கூரை, கீழே தரை, நாற்புறமும் சுவர், திறந்திருந்தது விரலகல வாயில் ஒன்றே. துணி உலர்த்தும் கிளிப்பை ஏவினான். அது நாக்கை விட்டுவிட்டுக் கொத்தளத்தைக் கடித்தது. பென்சிலைக் கோபுர வாயில் வழியே செலுத்தினான். அது வழுக்கி எதிர்ச்சுவரில் புதிய சன்னல் ஒன்றைத் திறந்தது. கரண்டிக் காம்போ உள்ளே வளையத் தெரியாமல் வாயிலிலேயே முடங்கிற்று. மூன்று முறை பசை, மூன்று முறை தோல்வி. மணி மூன்று முப்பத்தைந்து.

அப்போது தன் கரண்டியைத் தேடிக்கொண்டு களம் புகுந்தாள் வீரனின் மனைவி.

"ஏங்க, அட்டைப் பெட்டிக்குள்ள கரண்டிய விட்டு என்ன கிண்டுறீங்க?"

"பெட்டி இல்ல. வடகோபுரம்."

"என்னமோ ஒண்ணு. தம்பி வர நேரமாச்சு. முகத்தயாவது கழுவுங்க, பசையெல்லாம் மீசையில இருக்கு."

வீரன் முகம் கழுவவில்லை. மாறாக எழுந்து, செருப்பு அறுந்தால் ஒட்டுவதற்கென்று அலமாரி உச்சியில் வைத்திருந்த உடனடிப் பசைக் குழாயை எடுத்தான். அந்தோ, அதுவன்றோ பிரம்மாஸ்திரம்! இரும்பையும் ரப்பரையும் இமைப்பொழுதில் இணைபிரியாத் தம்பதியாக்கும் அதன் ஒரே துளியை நாக்கின்மேல் சொட்டி, உலகத்து ஆயுதங்களெல்லாம் கைவிட்ட பின் எஞ்சிய ஒரே படைக்கலமாகிய தன் வலக்கை ஆள்காட்டி விரலைக் கோபுர வாயிலுக்குள் செலுத்தி, இருளில் துழாவி, நாக்கின் உட்புறம் கண்டு, உள்ளே விரலும் வெளியே இடக்கைக் கட்டைவிரலுமாய் இறுக நெருக்கி, ஒன்று முதல் அறுபதுவரை மூச்சடக்கி எண்ணினான்.

அசைந்ததா அந்நாக்கு? இல்லை! எட்டிப் பார்த்ததா? இல்லை! மலையும் மடுவும் அதிர, மேசைக் காலும் ஆட, "ஒட்டிருச்சு!" என்று வீரன் வீறிட்டான். பிறகு விரலை வெளியே எடுக்க முயன்றான்.

விரல் வரவில்லை.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. மெல்ல இழுத்தான், இணைப்பு நெறிந்தது. திருகினான், கூரை முனகியது. பலமாக இழுத்தால் கோபுரம் கிழியும். கிழிந்தால் கோட்டை இல்லை. கோட்டை இல்லையேல் ஆட்டம் இல்லை. முன்னால் மானம், பின்னால் விரல். மனைவி நிலைமை அறிந்து, முந்தானையால் வாயைப் பொத்தியும் தோள் குலுங்குவதை அடக்க மாட்டாதவளாய்க் கேட்டாள்:

"ஊர்ல எல்லாரையும் லிஃப்ட்லேர்ந்து வெளிய எடுக்கிற ஆளு! சோப்புத் தண்ணி கொண்டு வரவா?"

"தண்ணி பட்டா அட்ட ஊறிரும். பேசாம இரு. யாருக்கும் தெரியக் கூடாது."

அழைப்பு மணி ஒலித்தது. கோட்டையைக் கண்ணுற்ற மைத்துனன் வாசற்படியிலேயே நின்றான். மதில்களைச் சுற்றி வந்தான், பாலத்தைக் குனிந்து பார்த்தான், வாயையும் பிளந்தான். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வீரனோ வடகோபுரத்தருகே, செல்ல யானையைத் தடவும் அரசனைப்போல் வலக்கையை வைத்தபடி, எழாமல், இடக்கையால் கைகுலுக்கினான். இடக்கையால் டீ குடித்தான். இடக்கையால் பகடை உருட்டினான். அது இரு முறை மேசைக்கடியில் ஓடி ஒளிந்தது. நெற்றி அரித்தபோது புருவத்தை மட்டும் நெளித்துக் காலம் கடத்தினான்.

"கையில ஏதும் சுளுக்கா சார்? கடையில தைலம் இருக்கு, கொண்டு வரேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒண்ணுமில்ல. நீங்க ஆடுங்க."

முக்கால் மணி நேரம் ஒருவாறு கழிந்தது. ஆயினும் பகடை இரக்கமற்றது. அடுத்தடுத்து மூன்று ஆறுகள் விழ, மைத்துனனின் குதிரைப்படைத் தலைவன் பாலம் கடந்து, கிணறு கடந்து, வடகோபுர வாயிலின் முன் வந்து நின்றான்.

"மாமா, கைய எடுங்க. என் ஆளு உள்ள போகணும்."

வீரன் நிமிர்ந்தான். கண் சிவக்க, களம் அதிர முழங்கினான்: "இவ்வாயிலில் இன்று எவனும் புகான்! உள்ளே காவலன் ஒருவன் உளன்! அவன் வாள் உறங்காது, அவன் கால் பெயராது!"

"சரி மாமா, யாரு அந்தக் காவலன்? எந்தப் பொம்ம? காட்டுங்க."

வீரன் கொடிக்கம்பத்தைப் பார்த்தான். மைத்துனன் அவன் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினான். கையோடு கோபுரமும் மேசையை விட்டு எழுந்து, கொடிக்கம்பத்தோடும் கொத்தளத்தோடும் அந்தரத்தில் ஆடிற்று. மருந்துக்கடைக்காரர் நாற்காலியோடு சரிந்தார். மனைவி அடுக்களைக்குள் போய் விழுந்து விழுந்து சிரிக்கும் ஓசை கேட்டது.

"எவ்வளவு நேரமா மாமா?"

"நாலு மணிக்கு முன்னாடிலேர்ந்து. இழுத்தா கிழிஞ்சிரும் மாப்ள. நீ உன் வீட்டுக்குக் கொண்டு போயிருவ."

மைத்துனன் சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்து, கோபுரத்தைத் திருப்பி இருபத்தேழாம் நாக்கை நகத்தால் நிமிண்டிப் பார்த்தான். அது இம்மியும் பெயரவில்லை. அவன் எழுந்து நின்று, அவையறிய அறிவித்தான்:

"நாலு மணிக்கு நின்னுச்சுல்ல? சொன்னது சொன்னதுதான். ஆட்டம் இங்கயேதான். அக்கா, கத்தரிக்கோல் எடுத்துட்டு வா!"

மனைவி கோபுரத்தை வெட்டி எடுத்தாள், வீரன் விரலை வெந்நீரில் ஊறவைத்தான், கோபுரம் நின்ற இடத்தில் பிஸ்கட் டப்பாவை நிறுத்திவைத்து மீதி ஆட்டத்தை ஆடினார்கள்.