சம்பந்தி வீட்டை மூன்று முறை வலம் வந்த வண்டி

ஆவடி,
2-9-1991.

மரியாதைக்குரிய சம்பந்தி திரு. பக்தவத்சலம் அவர்களுக்கு, கோதண்டம் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், என் மனைவி லோகநாயகியும், தங்கள் மருமகள் வசந்தகுமாரியும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் வசந்தா வெள்ளிக்கிழமையிலிருந்து தலையணையை விட்டு முகத்தை எடுக்கவில்லை, லோகநாயகி என்னோடு பேசுவதில்லை, எனக்கு கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. ஆகையால் எங்கள் நலம் கிடக்கட்டும். திருநின்றவூரில் தாங்களும், சம்பந்தி அம்மாள் தாட்சாயிணி அவர்களும், மாப்பிள்ளை பார்த்தசாரதியும் சுகமாக, முக்கியமாகக் கோபம் கொஞ்சம் தணிந்து, இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணை ஆவணியில் கட்டில், பீரோவோடு என் சொந்த வண்டியிலேயே கொண்டுவந்து விடுகிறேன் என்று நான்தான் சொன்னேன். சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தேன். உங்கள் வாசல்வரை வந்தேன். நிற்கவில்லை, அவ்வளவுதான். சம்பந்தி அம்மாள் எங்கள் எதிர்வீட்டு போனில் கூப்பிட்டு, "பொண்ணை அனுப்ப மனசு இல்லேன்னா வாயால சொல்லியிருக்கலாமே, தெருவே கைகொட்டிச் சிரிக்க வேடிக்கை காட்டணுமா?" என்று கேட்டதில் தப்பே இல்லை. நீங்கள் கண்ணால் பார்த்ததெல்லாம் உண்மை. மனதில் நினைத்தது மட்டும்தான் உண்மை இல்லை. அதை விளங்க வைக்கத்தான் இந்தக் கடிதம். எனக்கே இன்னும் விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த பிக்கப் வண்டியை நான் பட்டாபிராம் அருள்தாஸிடம் வாங்கியது தங்களுக்குத் தெரியும். ஆனி மாதம் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை போட்டபோது தாங்கள் இருவரும் வசந்தாவோடு வந்திருந்தீர்கள். அன்றைக்குத்தான் தங்கள் புதுத் தோல் செருப்பு கோயில் வாசலில் காணாமல் போய், தாங்கள் வெறுங்காலோடு மின்சார ரயில் ஏறினீர்கள். "உங்க ஊர்ல செருப்புகூட நிக்காது போல" என்று சம்பந்தி அம்மாள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கும் இந்தக் கடிதத்திலேயே மறுபடி ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். அன்று சாயங்காலமே கியர் இறுக ஆரம்பித்தது. அதுவரை வெண்ணெயாக விழுந்த கியர், செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு பிரேக் போட்டேன், அப்புறம் இரண்டு கையாலும் இழுத்தாலும் அசையவில்லை. பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் டேங்குகளுக்கு நடுவில் இருந்தவருக்கு ஒரு கியர் போடத் தெரியாதா என்று குவார்ட்டர்ஸ்காரர்கள் கேட்கிறார்கள். நான் இருந்தது ஸ்டோரில், ஐயா. டேங்கை நான் ஓட்டியதில்லை, எண்ணியிருக்கிறேன்.

மண்ணூர்பேட்டையில் உத்தமன் என்று ஒரு மெக்கானிக். அவனிடம் கொண்டுபோனேன். அவன் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே படுத்து, ஏதோ தட்டி, எண்ணெய் விட்டு, இறக்கி, ஓட்டிப் பார்த்தான். கியர் தண்ணீரில் வழுக்குவதுபோலப் போகிறது! "இன்னா சார், வண்டி ஷோக்கா கீது. உன் கைதான் சார் டைட்டா கீது" என்றான். சந்தோஷமாக எடுத்துக்கொண்டு வந்தேன். அம்பத்தூரில் ஒரு எருமை குறுக்கே வந்தது, பிரேக் போட்டேன், முடிந்தது கதை. மறுபடி தள்ளிக்கொண்டு போனோம். மறுபடி தூக்கினான், மறுபடி சரியாயிற்று. மூன்றாவது முறை அவனே குழம்பிப்போய், "அண்ணாத்தே, இது கியர் பாக்ஸ் இல்ல, வேற இன்னாவோ கீது. ஊட்ல யாராச்சும் கண்ணு வச்சிட்டாங்களா பாரு" என்று எலுமிச்சம்பழம் வாங்கச் சொன்னான். மெக்கானிக்கே எலுமிச்சம்பழத்துக்குப் போய்விட்டால் நான் எங்கே போவது?

லோகநாயகி வேறு மாதிரி சொன்னாள். அருள்தாஸ் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டிருந்தார். பூஜையன்று நான் அதை மரியாதையாகக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு முருகன் படம் ஒட்டினேன். "பத்து வருஷம் மாதாவோட இருந்த வண்டிங்க, ஒரே நாள்ல மாறச் சொன்னா எப்படி மாறும்?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அருள்தாஸ் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் மனைவி ரோஸி அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருந்தாலும் மாலையைக் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது முருகனும் மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு தகராறும் இல்லை. கியர்தான் இறங்கி வரவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உத்தமன் முதல்நாள்தான் தூக்கி இறக்கியிருந்தான். கட்டில், பீரோ, முன்னால் நான், லோகநாயகி, ஜன்னலோரம் வசந்தா. திருநின்றவூர்வரை வண்டி தங்கமாக வந்தது. உங்கள் தெருமுனையில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே விழுந்தான். பிரேக் போட்டேன். அவ்வளவுதான், கியர் இரண்டில் பிடித்துக்கொண்டது. கிளட்சை மிதிக்கிறேன், கால் பாதியில் நிற்கிறது, கியர் வெளியே வரமாட்டேன் என்கிறது. அந்தப்பக்கம் சம்பந்தி அம்மாள் ஆரத்தித் தட்டோடு கோலத்தின்மேல் நிற்கிறார்கள். அப்படியே பிரேக்கை அமுக்கினால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்து போகும். புதுப்பெண் புகுந்த வீட்டு வாசலில் வண்டி அணைவது அபசகுனம் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றிவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கியர் இளகும் என்று நினைத்தேன். அதனால்தான் தங்களைப் பார்த்துச் சிரித்து, கையசைத்து, தாண்டிப் போனேன். அது கேலி இல்லை. பயத்தில் எனக்கு முகம் அப்படித்தான் போகும்.

ஏரிக்கரை வழியாகச் சுற்றி மறுபடி வந்தேன். ஆரத்தித் தட்டு மேலே போயிற்று, நான் தாண்டினேன், தட்டு கீழே இறங்கியது. மூன்றாவது சுற்றில் கற்பூரமே அணைந்துவிட்டது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடிவந்தார். "மாமா, நிறுத்துங்க மாமா!" என்று அவர் கத்த, "அப்பா, அவரு விழுந்துடப் போறாருப்பா!" என்று வசந்தா கத்த, லோகநாயகி இரண்டு சாமியையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை ஏரிக்கரைவரை ஜன்னலைப் பிடித்தபடி வந்தார். என் பெண்ணின் கையை அவர் விடவே இல்லை. இந்தப் பிள்ளைக்கா நான் பெண்ணைக் காட்டிவிட்டுக் கூட்டிப்போகிறேன் என்று அழுகையே வந்தது. அதற்குள் ராகு காலம் தொடங்கிவிட்டது. அப்புறம் எப்படி இறக்குவது? வந்த வேகத்திலேயே, அதாவது இரண்டாவது கியரிலேயே, ஆவடி வந்து சேர்ந்தோம். வண்டியை முனையில் நிறுத்திவிட்டுப் பெண்ணை நடத்தியே கூட்டி வந்திருக்கலாமே என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே சம்பந்தி அவர்களே, இது அவமரியாதை இல்லை. குற்றம் முழுக்க முழுக்க என்னுடையது, என் வண்டியுடையது. ஆவணி முடிந்தால் புரட்டாசி. புரட்டாசியில் நீங்கள் வாசல்படி ஏற்றமாட்டீர்கள். பெண் இன்னொரு மாதம் இங்கே அழுதால் நான் தாங்கமாட்டேன். வரும் வெள்ளிக்கிழமை வசந்தாவை மின்சார ரயிலிலேயே கூட்டி வருகிறேன். ரயில் நிற்கும் என்று நம்புகிறேன். சம்பந்தி அம்மாள் இன்னொரு முறை தட்டு எடுக்க வேண்டும் என்று அவர்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். வண்டியோடு ஓடியதில் மாப்பிள்ளையின் காலில் பட்ட சிராய்ப்பு ஆறியதா என்று வசந்தா கேட்கச் சொன்னாள். சொன்னாள் என்று எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். குழந்தைகள் இருவரும் நீடூழி வாழ இங்கிருந்தே ஆசீர்வதிக்கிறேன்.

தங்கள் அன்பையும் மன்னிப்பையும் வேண்டும்,
கோதண்டம்.

பின்குறிப்பு (தனித்தாளில் எழுதியிருக்கிறேன். தாங்கள் மட்டும் படிக்கவும்):

கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில், வளையல் ஒன்று வண்டியில் விழுந்துவிட்டது என்று வசந்தா தேடப் போனாள். வளையல் கிடைக்கவில்லை. கிளட்ச் பெடலுக்கு அடியில் ஒரு செருப்பு கிடைத்தது. அதன் ஜோடி சீட்டுக்கு அடியில் இருந்தது. புதுத் தோல் செருப்பு, தங்கள் அளவு. பிரேக் போட்டால் செருப்பு முன்னால் வந்து பெடலை முழுசாக இறங்க விடாமல் தடுத்திருக்கிறது. உத்தமன் முன்பக்கத்தைத் தூக்கியபோதெல்லாம் அது நல்ல பிள்ளையாகச் சீட்டுக்கடியில் போய்ப் படுத்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் கியரையே பார்த்தோம், காலடியை யாரும் பார்க்கவில்லை. "அய்யோ, கோயில்ல யாராச்சும் எடுத்துடப் போறாங்கன்னு அத்தைதாம்பா அன்னிக்கு உள்ள வச்சாங்க! அப்புறம் அவங்களே மறந்துட்டாங்க. நானும் பார்த்தேன், மறந்தே பூட்டேன்" என்றாள் வசந்தா.

மேலே குற்றம் என்னுடையது என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். அப்புறம் யோசித்தேன். அந்த வீட்டில் வாழப்போகிறவள் என் பெண். ஆகவே முன்னால் உள்ள தாள்களை வீட்டில் எல்லாரும் கேட்க உரக்கப் படியுங்கள், கேட்ட மன்னிப்பெல்லாம் அப்படியே இருக்கட்டும். இந்தத் தாளை மட்டும் கிழித்து ஏரியில் போட்டுவிடுங்கள். செருப்பு கோயிலில்தான் தொலைந்தது. வெள்ளிக்கிழமை அதைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருகிறேன். சம்பந்தி அம்மாள் கேட்டால், அதே மாதிரி வேறொரு ஜோடி ஆவடி சம்பந்தி வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லுங்கள். இடது செருப்பின் நடுவில் பெடல் பதிந்த பள்ளம் ஒன்று இருக்கும். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும், இந்தக் காலத்துச் செருப்பெல்லாம் இப்படித்தான் என்று அலுத்துக்கொள்ளுங்கள்.